லெட்சுமி விரதம் இருப்பதில்லை

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எனக்கு நோய் வந்துவிடும். ஒரு வாரம் ஆஸ்துமா, ஒரு வாரம் மூட்டுவலி, பெரும்பாலும் சர்க்கரை. நிஜத்தில் எனக்கு வயது இருபத்தாறு. அந்த நாற்காலியில் உட்காரும்வரைதான் அது. உட்கார்ந்துவிட்டால் ஐம்பத்தெட்டு. பெயர் லெட்சுமி. கோத்தா திங்கிப் பக்கம் பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள், கணவன் இல்லை, படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்த லெட்சுமியைப் படைத்தது நானல்ல. ஜொகூரில் நான் முதுகலை படிக்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபார்மசி பள்ளி படைத்தது. நாளைய மருந்தாளுநர்கள் நிஜ நோயாளியைத் தொந்தரவு செய்யாமல் பேசிப் பழக வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு பொய் நோயாளியை உட்கார வைப்பார்கள். மாணவர் உள்ளே வருவார், பெயர் கேட்பார், மாத்திரையை எடுத்துக் காட்டி எப்போது எப்படிப் போடுவது என்று விளக்குவார். நான் தலையாட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு வருடம் மருந்தாளுநர் படிப்பான ஃபார்ம்.டி. படித்துவிட்டு, கடல் தாண்டி வந்து, தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த யோசனை எனக்கு வந்தது தை பிறந்து சில நாட்களில், இதே நாற்காலியில். ரமலான் நோன்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த மாதப் பயிற்சி முழுக்க அதைப் பற்றித்தான். நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது, நோன்பு திறக்கும்போது எது, விடியலுக்கு முன் எது, உடம்பு நடுங்கினால் என்ன செய்வது என்று மாணவர்கள் அத்தனை அழகாகச் சொல்வார்கள். உண்மையாகவே பொறாமைப்பட்டேன். அன்று என் எதிரில் வந்து உட்கார்ந்தவன் அமிருல், இறுதியாண்டு மலாய் மாணவன், கெட்டிக்காரன். "மாக்சிக், புவாசா தாக்?" என்று ஆரம்பித்தான். அம்மா, நோன்பு இருக்கிறீர்களா என்று அர்த்தம். கேட்டு முடித்த பிறகுதான் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தான். லெட்சுமி. "ஓ, சோரி. மாக்சிக் இந்தியன் லா," என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினான். அந்த நேரம் பார்த்து என் வயிறு பெரிதாக ஒரு சத்தம் போட்டது. அறை முழுக்கக் கேட்டது. "ஓக்கே ஆ, மாக்சிக்?" என்றான் பதறி. ஓக்கே என்றேன். முந்தின நாள் சாயங்காலம் சாப்பிட்டது. நான் தைப்பூச விரதத்தில் இருந்தேன்.

ஊரில் நான் ஒரு நாள்கூட விரதம் இருந்தவள் இல்லை. இருப்பவர்களைக் கேலி செய்திருக்கிறேன். இங்கே வந்த பிறகு, கூடத் தங்கியிருக்கும் உள்ளூர்ப் பெண்கள் மாலை போட்டுக்கொண்டு, ஒரு வேளை சைவச் சாப்பாடு, கேண்டீனில் பால் சேர்க்காத தே-ஓ என்று இருப்பதைப் பார்த்து, தனியாகத் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியுமாக நாசி லெமாக் தின்னக் கூச்சப்பட்டு நானும் சேர்ந்துகொண்டேன். பக்தி பாதி, ஊர் நினைப்பு பாதி. ஆக, நோன்பு இல்லாதவள் என்று ஒரு கோடு போட்டுத் தள்ளிவிடப்பட்ட லெட்சுமிக்குள்ளே, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லெட்சுமி விரதம் இருந்தால் என்ன ஆகும்? தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இந்த நாட்டில் எத்தனை லெட்சுமிகள் ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கிறார்கள்? அவர்களுடைய மாத்திரையை யார் கேட்கிறார்கள்? அமிருல் ஏதோ பக்கவிளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நான் தலையாட்டவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்காரியான எனக்குப் பொய் நோயாளி புதிதல்ல. நான் படித்த கல்லூரியில் 'நோயாளி ஆலோசனை அறை' என்று கண்ணாடி போட்ட ஓர் அறை இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் செடி. வருடம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். ஆய்வுக்குழு வரும் அன்று திறந்து, செடியைத் துடைத்து வைப்பார்கள். நோயாளி வேண்டுமே? வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சட்டை மாற்றி உட்கார வைப்பார்கள். எங்களில் ஒருத்தி வெள்ளை கோட்டோடு எதிரில் உட்கார்ந்து, குழுவின் தலை தெரிந்ததும் பேசத் தொடங்க வேண்டும். "என்னம்மா சொல்றது நான்?" என்று கேட்ட வாட்ச்மேனிடம், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கேக்குற மாதிரி இருந்தா போதும்," என்றார் எங்கள் முதல்வர். மீதி நாட்களில் நாங்கள் யாருமே வாங்காத களிம்புகளைக் கல்லில் அரைத்தோம், ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்தோம், ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குப் பின்னால் வரிசையாக நடந்தோம். நோயாளிகள் எங்களை நர்ஸ் என்று நினைத்தார்கள், நர்ஸ்கள் எங்களை வேண்டாத கூட்டம் என்று நினைத்தார்கள். அங்கே வருடத்துக்கு ஒரு நாள் நடந்த நாடகம் இங்கே வாராவாரம் ஒழுங்காக நடக்கிறது. அங்கே நான் வெள்ளை கோட்டுக்காரி, இங்கே வாட்ச்மேன். இந்த நாட்டில் என் பட்டம் செல்லாது. செல்லாத பட்டத்தோடு மாணவர்களுக்கு மருந்து ஆலோசனை சொல்லித்தர விதி இடம் கொடுக்காது. நோயாளியாக நடிக்க எந்த விதியும் தடை சொல்லவில்லை.

இங்கே வந்த முதல் வாரமே காய்ச்சல் வந்தது. கூடத் தங்கியிருந்த பெண்ணுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த ஒரு மருந்தையும் சேர்த்து வாங்கி வரலாம் என்று கடைக்குப் போனேன். விளக்கு எரிகிறது, ஆள் நிற்கிறாள், கல்லாப்பெட்டி திறந்திருக்கிறது. மருந்து மட்டும் தர மாட்டாளாம். "ஃபார்மசிஸ்ட் சாப்பிடப் போயிருக்காங்க, அப்புறம் வாங்க லா," என்றாள். எனக்குப் புரியவே இல்லை. ஃபார்மசிஸ்ட் இல்லையென்றால் என்ன, நீ இருக்கிறாயே? அவளும் நான் கேட்பது புரியாமல் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டு பிரிந்தோம்.

ஏன் புரியவில்லை என்றால், எங்கள் ஊரில் ஃபார்மசிஸ்ட் என்பது சுவரில் மாட்டுகிற பொருள். பழனிக்குப் போகும் சாலையில் என் சித்தப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். அந்தக் கடையின் ஃபார்மசிஸ்ட் நான்தான். ர. தேன்மொழி, ஃபார்ம்.டி., பதிவு எண், பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள் விநாயகருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் விமானம் ஏறிய அன்றும் அது தொங்கியது. இறக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆயுத பூஜைக்குச் சித்தப்பா அனுப்பிய படத்தில் என் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சட்டத்துக்கு மேலே கதம்பம் போட்டிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பூவ எடுங்க மொதல்ல, பாக்கச் சகிக்கல," என்று சண்டை போட்டாளாம். தைப்பூசம் வந்தால் பாதயாத்திரைக் கூட்டம் எங்கள் கடையை உரசிக்கொண்டுதான் பழனிக்கு நடக்கும். வெறும் வயிறு, வீங்கின கால். வலி மாத்திரை, ஸ்ப்ரே, பேண்டேஜ். சித்தப்பாவின் கை பார்க்காமலே எடுத்துக் கொடுக்கும். சாப்பிட்டீர்களா என்று அந்தக் கூட்டத்தில் யாரையும் கேட்டது கிடையாது. சுவரில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

அமிருல் போன மறுநாளே டாக்டர் விமலாவைப் பார்க்கப் போனேன். செய்முறைத் தேர்வுகளுக்கு அவர்தான் பொறுப்பு. இந்த ஜொகூரிலேயே சிகாமட்டில் பிறந்தவர், வெள்ளத்தில் பள்ளிப் புத்தகம் மிதந்ததை வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்வார். என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். நான் மூச்சுவிடாமல் சொன்னேன்: லெட்சுமிக்கு விரதம் வைப்போம், மாணவர்கள் எல்லாரிடமும் கேட்கப் பழகட்டும், பெயரைப் பார்த்துக் கேள்வியை விழுங்க வேண்டாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல யோசனை. ஆதாரம் இருக்கா? ரமலானுக்கு வழிகாட்டி நூல் இருக்கு, ஆராய்ச்சி இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

"நான் தேடினேன் மேடம். கிடைக்கல. யாரும் எழுதலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

"பரீட்சையில ஆயிடும்."

அவருடைய மேசையில் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. கையில் மஞ்சள் கயிறு. எனக்கு வாய் சும்மா இருக்காது. "மேடம், நீங்களே விரதம்தானே?" என்றேன்.

தமிழ் வந்துவிட்டது. "அது என் வீடு. இது ஸ்கூல். எல்லாருக்கும் ஒரே பரீட்சை, ஒரே மார்க்குன்னு நாங்க இங்க எத்தனை வருஷமா நிக்கிறோம் தெரியுமா? எங்க ஆளுங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு வேணும்னு நாளைக்கு எவனாவது சொல்லிக் காட்டுவான், அதையும் நான்தான் கேக்கணும். நீ நேத்து வந்தவ." பிறகு உடனே ஆங்கிலத்துக்குத் திரும்பி, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.

நேற்று வந்தவள்தான். ஆனால் வெளியே வராந்தாவில் யோகேஸ்வரி என்ற யோகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். இறுதியாண்டு மாணவி, லாயாங் லாயாங்கிலிருந்து வருகிறவள், படிப்பில் முதல் ஐந்துக்குள் இருப்பவள். தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் அவளுக்கு இறுதிச் செய்முறைத் தேர்வு. அதில் தேறினால்தான் தன் செட்டோடு சேர்ந்து ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போக முடியும். "தேன் அக்கா, ஏன்கா சிங்கத்து வாயில தலைய விடறீங்க?" என்று சிரித்தாள். "எங்க வீட்டுக்கு வாங்க. அம்மாவும் விரதம்தான். உங்க ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் கிடைக்கும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அந்தச் சனிக்கிழமையே அவளுடைய பழைய காரில் ஏறிவிட்டேன். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ரோடு, பிறகு ரயில் நிலையம், ஒரு வரிசைக் கடை, அவ்வளவுதான் ஊர்.

யோகாவின் அம்மா அஞ்சலை ஆண்ட்டி குளுவாங்கில் நாற்காலித் தொழிற்சாலைக்குப் போகிறவர். சர்க்கரை நோய் வந்து பல வருடம். எங்களை உட்கார வைத்துச் சோறு போட்டார், தான் சாப்பிடவில்லை. மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். "பக்கத்து வீட்டு ரோஸ் மாக்சிக்குக்கு ஒவ்வொரு நோன்புக்கும் இவதான்மா மருந்து டைம் பாத்துக் கொடுப்பா. அந்தம்மா கிளினிக்ல போய், எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிச்சு, சரியான்னு கேக்கும். கிளினிக்ல உள்ளவங்களே அசந்து போயிட்டாங்க."

"உங்களுக்கு ஆண்ட்டி? காலை மாத்திரையை இப்ப எப்படிப் போடறீங்க?" என்றேன்.

"அது எப்படிப் போடறது? செலெபாஸ் மாக்கான்னு மருந்துப் பையில போட்டிருக்கில்ல, சாப்பாட்டுக்கு அப்புறம்னு. காலைல சாப்பாடே இல்லியே. அதான் சாயங்காலம் சாப்பிட்டதும் ரெண்டு வேளைக்குள்ளதையும் ஒண்ணாப் போட்டுருவேன்." பெருமையாக யோகாவைப் பார்த்தார். "ஒரு மாத்திரை விட மாட்டேன், ஆமா."

யோகாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான் மெதுவாக, போட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

ஆண்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விடியக்காலைல எந்திரிக்கும்போது கை கால் நடுங்கும். வேர்த்து ஊத்தும். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அது எல்லாருக்கும் வராது. விரதம் சுத்தமா இருந்தாத்தான். முருகன் கிட்ட வந்துட்டார்னு அர்த்தம்."

நடுக்கம், வியர்வை, படபடப்பு. இந்த மூன்றையும் இதே வரிசையில் நான் தமிழ்நாட்டில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன், யோகா ஜொகூரில் எழுதி வாங்கியிருக்கிறாள். சர்க்கரை ஆபத்தாக இறங்குவதன் அறிகுறிகள். மேலே போனால் மயக்கம், அதற்கும் மேலே போனால் எழுந்திருக்காமலே போகலாம். ஒவ்வொரு தையிலும் அந்த வீட்டின் விடியற்காலையில் இது நடந்திருக்கிறது, பக்கத்து அறையில் முதல் ஐந்துக்குள் வரும் மாணவி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்மா இதை என்கிட்ட சொல்லல?" என்றாள் யோகா.

"நீ கேக்கலியே. சாமி விஷயத்தை எதுக்குடி உன் படிப்புல கொண்டாந்து போடறது?"

"ரோஸ் மாக்சிக்கைக் கேட்டேனே!"

"அவங்க நோன்பு. அது எல்லாருக்கும் தெரிஞ்சது," என்றார் ஆண்ட்டி, ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

அடுத்த திங்கட்கிழமை யோகா வகுப்புக்கு வரவில்லை. அம்மாவை அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தாள். விரதத்தை முறிக்கச் சொல்வார்களோ என்று ஆண்ட்டி வாசல்வரை தகராறு. அங்கிருந்த சீன மருந்தாளுநர் முறிக்கச் சொல்லவில்லை. டாக்டரிடம் பேசி அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றி, இரண்டையும் சேர்த்து மட்டும் போடவே கூடாது என்று சத்தியம் வாங்கி அனுப்பினாராம். கேட்டால் கிடைக்கிற பதில்தான். இத்தனை வருடம் இரண்டு பக்கமும் யாரும் கேட்கவில்லை. தைப்பூசத்தன்று ஆண்ட்டி பால்குடம் எடுத்தார். கூடவே நானும் நடந்தேன். கை நடுங்கவில்லை, வேர்க்கவில்லை, தெம்பாக நடந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முகம் வாடியிருந்தது. "உடம்பு நல்லாத்தான் இருக்கு. இந்த வருஷம் அவர் வரலம்மா," என்றார்.

தேர்வு இப்படி நடக்கும்: வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். மணி அடித்ததும் மாணவர் ஓர் அறைக்குள் நுழைய வேண்டும், அடுத்த மணிக்குள் முடித்துவிட்டு வெளியேற வேண்டும். உள்ளே ஒரு நோயாளி, மூலையில் ஒரு தேர்வாளர். எதையெல்லாம் சொன்னால் எத்தனை மதிப்பெண் என்பது தேர்வாளர் கையில் இருக்கும். நோயாளிக்கு ஒரே சட்டம்தான். எல்லாருக்கும் ஒரே நோயாளியாக இருக்க வேண்டும். எழுதித் தந்ததில் இல்லாத எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அன்று நான் சர்க்கரைக்கார லெட்சுமி. மூலையில் டாக்டர் விமலா. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் பெயரைப் பார்த்தார்கள், பெட்டியைக் காட்டினார்கள், சாப்பாட்டுக்குப் பின் என்றார்கள், குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். அமிருலும் வந்தான். நோன்பு பற்றி அவன் இந்த முறை ஆரம்பிக்கவே இல்லை.

யோகா வந்தாள். என்னை முன்பின் தெரியாதவள்போல வணக்கம் சொன்னாள், பெயர் கேட்டாள், மாத்திரையைக் கையில் எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஆண்ட்டி, எந்த மாசமாவது விரதம் இருப்பீங்களா?"

'இல்லை' என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் அவள் அடுத்ததற்குப் போயிருப்பாள். மூலையில் பேனாவின் சத்தம் நின்றது. எனக்கு முன்னால் இருந்தது அஞ்சலை ஆண்ட்டியின் மகள். 'ஆமாம்' என்றேன். "தைப்பூசத்துக்கு. ஒரு வேளைதான் சாப்பிடுவேன்."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். சாப்பிடாத நேரம் எது, மாத்திரையை அப்போது என்ன செய்கிறீர்கள், ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள், விரதத்துக்கு முன்பே கிளினிக்குக்குப் போங்கள், விடிகாலையில் நடுங்கினால் அது என்ன, உடனே என்ன குடிக்க வேண்டும். கடைசியில், "சாமியை நான் ஒண்ணும் சொல்லல ஆண்ட்டி. நடுங்கினா முதல்ல கொஞ்சம் சக்கரைத் தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் கும்பிடுங்க," என்றாள். இது மட்டும் தமிழில் வந்துவிட்டது. இத்தனை வருடமாக நான் இரண்டு நாடுகளில் பார்த்த ஆலோசனைகளிலேயே அதுதான் ஆகச் சிறந்தது. அவள் பக்கவிளைவுகளைத் தொடங்கும்போது மணி அடித்தது. சேமித்து வைக்கும் முறை, தவறிய மாத்திரை, அடுத்த சந்திப்பு, எதுவும் சொல்லப்படவில்லை. அந்த அறையில் அவள் தேறவில்லை. அது தேறியே ஆக வேண்டிய அறை.

நான் டாக்டர் விமலாவின் பின்னாலேயே ஓடினேன். "அவ கேட்டது சரியான கேள்வி மேடம். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார், தமிழிலேயே. "மத்த எல்லாருக்கும் லெட்சுமி விரதம் இல்ல. இவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து, எனக்கும் அந்த லெட்சுமிய ஏன் காட்டலன்னு கேட்டா நான் என்ன சொல்ல? நான் அவளுக்கு மார்க் போட்டா அது நம்ம பிள்ளைங்கறதுக்காகப் போட்டதா ஆயிடும்."

"நோயாளி நான் சொல்றேன். எனக்கு இதைவிட நல்ல ஆலோசனை கிடைக்கல."

"நோயாளி மார்க் போடறதில்ல, தேன்மொழி."

அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

யோகா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா நான் பாஸ், அக்கா."

"நீ கேட்டியே யோகா."

"கேக்காம இருக்க முடியல. அம்மா மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. ஆனா நீங்க நடிக்க வந்தவங்கதானே? நடிச்சிருக்கலாம்லா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு என்ன, படிப்பு முடிஞ்சா ஊருக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான் ஃபார்மசிஸ்டா ஆகணும். எனக்கு வேற ஊர் இல்ல," என்றாள்.

எனக்கு வேறு ஊர் இருக்கிறது என்று அவள் நினைக்கிறாள். அங்கே நான் ஒரு கண்ணாடிச் சட்டம். ஆணி இருக்கும்வரை வேலை போகாது. இங்கே எனக்கு உடம்பு இருந்தது, வயிற்றுச் சத்தம் இருந்தது, பட்டம் இல்லை. இப்போது அந்த நாற்காலியும் இல்லை. நோயாளி வேடத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். 'எழுதித் தந்ததற்கு வெளியே போகிறவர்' என்பது காரணம். லெட்சுமியாக இப்போது உட்காருவது என்னோடு படிக்கும் வங்காளதேசத்துப் பெண். இது ரமலான் மாதம். விடியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல், விரதம் இல்லாத லெட்சுமியாக அவள் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். போன செவ்வாய் வராந்தாவில் என்னைப் பார்த்து, "உன் லெட்சுமிக்கு எப்பவும் பசிக்கிறது," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கத் தெம்பு இருந்தது எனக்கு மட்டும்தான்.

யோகா சில வாரம் என்னோடு பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை ஒரு குரல் செய்தி அனுப்பினாள். மறுதேர்வுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், அதற்குள் அவளுடைய செட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருக்கும். "இந்தத் தடவை லிஸ்ட்ல உள்ளத மட்டும் சொல்லிட்டு வந்துருவேன் அக்கா, கிளி மாதிரி. பாஸ் பண்ணிட்டு அப்புறம் கேக்கறேன், வாழ்க்கை பூரா கேக்கறேன்." பிறகு, "பங்குனி உத்திரத்துக்கு அம்மா விரதம் ஆரம்பிக்கறாங்க. எங்க கோயில்ல பால்குடம் எடுக்கறவங்க நெறைய பேர். டாக்டர் விமலா ஆதாரம்தானே கேட்டாங்க? வீட்டுக்கு வாங்க. நான் கேக்கறேன், நீங்க எழுதுங்க. உங்களுக்குத்தான் இங்க கேக்க பெர்மிட் இல்லியே." கடைசியில் அந்தப் பழைய சிரிப்பு, கொஞ்சம் கசந்து. அப்படிக் கேட்டு எழுதப் பல்கலைக்கழகத்தின் முறையான அனுமதி வேண்டும் என்றேன். அதற்கான விண்ணப்பத்தில் யாருடைய மேற்பார்வை என்ற இடத்தை வெறுமையாக விட்டு டாக்டர் விமலாவின் மேசையில் வைத்தேன். மறுநாள் திரும்பி வந்தது. அந்த இடத்தில் அவருடைய கையெழுத்து மட்டும் இருந்தது.

பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கும் கூட்டம் நடக்கும். அன்றிரவே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். போனைக் கல்லா மேலே, என் சர்டிஃபிகேட்டுக்கு நேர் கீழே சாய்த்து வையுங்கள், வீடியோவில் நான் இருப்பேன், மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"அட கிறுக்குப் பாப்பா," என்றார். "கால் வலியில நிக்கிறவன் உன் கேள்விக்கா பதில் சொல்லுவான்? ஸ்ப்ரேய எடுன்னு கத்துவான்."

"நீங்க ஸ்ப்ரே எடுக்குற நேரம் போதும் சித்தப்பா."

"இன்ஸ்பெக்டர் வந்து தொலைஞ்சா?"

"நல்லதுதானே. ஃபார்மசிஸ்ட் கடையில இருக்காங்கன்னு போனைக் காட்டுங்க."

அவர் சிரிக்கவில்லை. சார்ஜர் வயர் அவ்வளவு தூரம் எட்டாதே, ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

எனவே பங்குனியில் நான் லாயாங் லாயாங்கில் அஞ்சலை ஆண்ட்டியின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருப்பேன். எதிரில் யோகா கோயில் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். இங்கே நான் வாய் திறக்கக் கூடாது, கேட்டு எழுதுவது மட்டும்தான். மேசை மேலே போனில் ஒட்டன்சத்திரம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நடந்து களைத்த ஒருவர் கடைக்கு வந்து, மேலே சட்டத்துக்குள் இருக்கும் முகத்தையும் கீழே போனில் அசையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார், எந்தத் தேன்மொழிக்குப் பதில் சொல்வது என்று. அவர் முடிவு செய்வதற்குள் நான் கேட்டுவிட வேண்டும்.

"அண்ணே, இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?"